டிகிரி பெறுபேறு மோசம், ஆனாலும் பல் வைத்தியம்தான் படிக்க வேண்டும்: திருமலைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பயோ படித்த பிள்ளைகள் பலருடைய கதை ஏறக்குறைய ஒன்றுதான். மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை, பல் வைத்தியத்துக்கும் கொஞ்சத்தில் தவறிவிட்டது, கிடைத்த விஞ்ஞானப் பட்டத்துக்காக வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போனார்கள், அங்கே மனம் ஒட்டவில்லை, முதல் இரண்டு வருடம் சி-யும் டி-யுமாகக் கரைந்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் டொரொண்டோவில் இருக்கும் மாமாவோ நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தியோ போனில் கேட்பார்கள், "ஏன் பிள்ளை, இங்க வந்து டென்டல் படிக்கலாமே?" என்று. படிக்கலாமா, எப்படி என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அங்கேயே வளர்ந்து அங்கேயே பட்டம் எடுத்து ஜி.பி.ஏ. (4-க்குப் போடும் சராசரிப் புள்ளி) 2.7-இல் நிற்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும், காரணம் போகப் போகத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மார்க்கை யாராலும் அழிக்க முடியாது. "அதெல்லாம் நாங்க சரி பண்ணித் தருவோம்" என்று சொல்கிற ஏஜென்சியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்களால் செய்யக்கூடியது இரண்டு: அதே மார்க்கை எந்த நாட்டில் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ற இடத்தைத் தேர்வது, பிறகு பழைய மார்க்குக்குப் பக்கத்தில் புதிதாகக் கொஞ்சம் நல்ல மார்க்கைக் கொண்டுவந்து வைப்பது. விண்ணப்பம் அதற்குப் பிறகுதான். படிவத்தை முதலில் திறந்துவிட்டு மற்றதைப் பிறகு யோசிப்பவர்கள் பெரும்பாலும் காசைத்தான் இழக்கிறார்கள்.

படி 1: எந்த நாட்டுக்கு எந்த மார்க் முக்கியம் என்று பாருங்கள்

இதை நம்மவர்கள் யாரும் முதலில் செய்வதில்லை. பல் வைத்தியப் படிப்பு உலகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் மாதிரி நாடுகளில் அது பி.டி.எஸ்., பள்ளிக்கூடம் முடித்தவுடன் சேர்கிற படிப்பு. அங்கே உங்கள் பட்டப் பெறுபேறு கணக்கிலேயே வராது, உயர்தரப் பெறுபேறுதான் பேசும். அமெரிக்காவிலும் ஆங்கிலக் கனடாவிலும் அது பெரும்பாலும் ஒரு பட்டமோ அதில் முக்கால்வாசியோ முடித்தபின் சேர்கிற நான்கு வருடப் படிப்பு. அங்கே பட்டப் பெறுபேறுதான் பேசும், உயர்தரத்தை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். அவுஸ்திரேலியாவில் இரண்டு விதமும் உண்டு: சிட்னி, மெல்பர்ன், மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஆகியவை பட்டதாரிகளை எடுப்பவை, அதற்கு கம்சாட் என்ற பரீட்சை இருக்கிறது, வருடத்தில் மார்ச்சிலும் செப்டெம்பரிலும் நடக்கும். பிரித்தானியாவில் பெரும்பாலும் ஐந்து வருட பி.டி.எஸ்.; பட்டதாரிகளுக்கான நான்கு வருடப் படிப்பும் சில இடங்களில் உண்டு, ஸ்கொட்லாந்தில் அபர்டீன் பல் வைத்தியப் பள்ளி பட்டதாரிகளுக்காகவே தொடங்கப்பட்டது. பிரித்தானிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒக்டோபர் 15, பல் வைத்தியத்துக்கு அதிகபட்சம் நான்கு இடங்கள்தான் போடலாம், அத்துடன் பல இடங்களில் பட்டதாரியிடம் அப்பர் செகண்ட் கேட்பார்கள். லோவர் செகண்டும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நிபந்தனையையும் தனித்தனியாக வாசிக்காமல் காசு கட்ட வேண்டாம்.

இலங்கைக்குள்ளேயே இன்னொரு வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பேராதெனியப் பல் மருத்துவ பீடத்துக்குப் போவது இசட் புள்ளியால்தான். அகில இலங்கைத் திறமை 40 வீதம், மாவட்டக் கோட்டா 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. இது உயர்தரம் இப்போது எழுதப் போகிற தம்பி தங்கைக்கு நல்ல செய்தி. ஏற்கனவே அரச பல்கலைக்கழகத்தில் பதிந்து பட்டம் முடித்த உங்களுக்கு அந்த வழி முடிந்த கதை.

இந்தியாவில் பி.டி.எஸ். படிக்க நீட் என்ற நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும், வெளிநாட்டவருக்கும் அது கட்டாயம், கொழும்பிலும் மையம் வைத்திருக்கிறார்கள். உயர்தரத்தில் மூன்று பாடமும் உருப்படியாக இருந்து, பட்டம் மட்டும் சறுக்கியவர்களுக்கு என் கருத்தில் இதுதான் செலவு குறைந்த, நேரான வழி. ஆனால் சேருவதற்கு முன் இலங்கை மருத்துவ சபையிடம் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, திரும்பி வந்து பதிவு செய்ய உங்கள் உயர்தரப் பெறுபேறு போதுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவு எழுத்து ஆகாது.

இனி வருவதெல்லாம் அமெரிக்கா, கனடாப் பக்கம். பட்டத்தில் சறுக்கியவருக்கு மீண்டு வரும் வழிமுறை தெளிவாக இருப்பதும் அங்கேதான், செலவு கண்ணைக் கட்டுவதும் அங்கேதான்.

படி 2: காசை முதலில் பேசுங்கள்

நம் வீடுகளில் இதைக் கடைசியில் பேசுவார்கள், அதுவும் அப்பா உவர்மலைக் காணியை விற்கத் தயார் என்று சொன்ன பிறகு. அமெரிக்காவில் சில தனியார் பல் வைத்தியப் பள்ளிகளில் நான்கு வருடத்துக்கு, படிப்புச் செலவும் இருப்புச் செலவும் சேர்த்து, ஐந்து லட்சம் டொலரைத் தாண்டும். டொலர், ரூபாய் இல்லை. குடியுரிமையோ கிரீன் கார்ட்டோ உள்ளவர்களுக்கு அரசுக் கடன் உண்டு. ஆனால் 2025-இல் வந்த சட்டத்தால், 2026 ஜூலை 1-க்குப் பிறகு புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்குத் தொழில்முறைப் படிப்புக்கு வருடம் 50,000 டொலர், மொத்தம் 200,000 டொலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்பு முழுச் செலவுக்கும் கடன் கொடுத்த கிராட் பிளஸ் திட்டம் அவர்களுக்கு இல்லை. மீதிக்குத் தனியார் வங்கிக் கடன்தான். மாணவர் விசாவில் போகிறவருக்கு அரசுக் கடனே கிடையாது. தனியார் கடனுக்கு அங்கே இருக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும், பணம் காட்டாமல் விசாவும் நகராது.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன். கிரீன் கார்ட் இல்லை, அங்கே பிணை நிற்க ஆள் இல்லை, வீட்டில் பெரிய காசும் இல்லை என்றால், இந்த அமெரிக்க வழியில் இறங்குவது துணிச்சல் இல்லை, சூதாட்டம். அப்படிப்பட்டவர்கள் மேலே சொன்ன பி.டி.எஸ். வழியை முழு மூச்சாகப் பாருங்கள். குடும்பத்தோடு குடிபெயர்ந்தவர்களும் குடிபெயரப் போகிறவர்களும் தொடர்ந்து வாசியுங்கள்.

படி 3: உங்கள் ஜி.பி.ஏ.-யை அவர்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள்

அமெரிக்காவில் 70-க்கு மேற்பட்ட பல் வைத்தியப் பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரே பொது விண்ணப்பம், அதை ஆட்சாஸ் என்பார்கள். டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளுக்கு மட்டும் தனி விண்ணப்பம் இருக்கிறது. சேர்கிற மாணவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.6 அளவில் நிற்கிறது, விஞ்ஞானப் பாடங்களில் அதைவிடச் சற்றுக் குறைவு. 3.0-க்குக் கீழே இருந்தால் பல இடங்களில் ஆள் வாசிப்பதற்கு முன்பே விண்ணப்பம் ஓரமாகப் போய்விடும்.

ஆட்சாஸ் உங்கள் பல்கலைக்கழகம் போட்ட ஜி.பி.ஏ.-யை அப்படியே எடுப்பதில்லை, தானே மறுபடி கணக்குப் போடும். மொத்த ஜி.பி.ஏ. ஒன்று, உயிரியல்-இரசாயனவியல்-பௌதிகவியல் மூன்றுக்கும் தனியாக ஒன்று, விஞ்ஞானப் பாடங்கள் முழுவதுக்கும் ஒன்று. ஒரு பாடத்தை ரிப்பீட் பண்ணினால் இரண்டு மார்க்கும் கணக்கில் வரும். முதல் தடவை எடுத்த எஃப் அங்கேயேதான் இருக்கும். உங்கள் பல்கலைக்கழகம் அதை மறைத்திருந்தாலும் இங்கே மறையாது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 120 கிரெடிட் (கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் சுமையை அளக்கும் அலகு, ஏ-க்கு 4 புள்ளி), ஜி.பி.ஏ. 2.7. அதாவது 324 புள்ளி. இதற்கு மேல் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 444-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும், 2.96 வரும். 60 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ என்றால் 564-ஐ 180-ஆல் வகுத்து 3.13. இரண்டு வருட முழு உழைப்புக்கு இவ்வளவுதான் ஏறும். மனம் தளருகிற இடம் இது, எனக்குத் தெரியும். ஆனால் விஞ்ஞான ஜி.பி.ஏ.-யைத் தனியாகப் பாருங்கள்: 50 கிரெடிட்டில் 2.5 இருந்தவர் 30 கிரெடிட்டில் ஏ வாங்கினால் 3.06-க்கு ஏறிவிடுவார். கிரெடிட் குறைவாக இருக்கும் இடத்தில் எண் வேகமாக நகரும், அதனால் புதிதாக எடுப்பதை விஞ்ஞானப் பாடமாகவே எடுங்கள். அத்துடன் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் வெறும் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இல்லை. வருடவாரியாக எப்படி ஏறுகிறது, கடைசி 30, 60 கிரெடிட்டில் என்ன செய்திருக்கிறார் என்றும் பார்ப்பார்கள். 2.4-இல் தொடங்கி 3.9-இல் முடித்தவரின் 3.1-உம், 3.6-இல் தொடங்கி 2.6-இல் முடித்தவரின் 3.1-உம் ஒரே எண்தான், ஆனால் முதலாமவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கனடாவில் மொத்தம் பத்துப் பல் வைத்தியப் பள்ளிகள்தான், அதில் மூன்று கியூபெக்கில், அந்த மூன்றில் இரண்டில் படிப்பே பிரெஞ்சில். போட்டி அமெரிக்காவைவிடக் கடுமை. ஆனால் சில கனேடியப் பள்ளிகள் எல்லா வருடத்தையும் பார்க்காமல் உங்களுடைய நல்ல இரண்டு வருடங்களை மட்டும் எடுத்துப் பார்க்கும். முதல் வருடம் மோசமாகப் போய் மூன்றாம், நான்காம் வருடம் பிரமாதமாகச் செய்தவருக்கு இது பெரிய வரப்பிரசாதம். விதி வருடாவருடம் மாறும், அதனால் அந்தந்தப் பள்ளியின் தளத்தில் அந்த வருடத்து நிபந்தனையையே வாசியுங்கள். மாமாவின் நண்பருடைய மகள் 2015-இல் எப்படிச் சேர்ந்தாள் என்பது இப்போது உதவாது. டெக்சாஸில் குடியிருப்பவர்களுக்கு அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட் என்று ஒன்று உண்டு, பத்து வருடத்துக்கு மேல் பழைய கல்லூரி மார்க்கை அந்த மாநிலப் பள்ளிகளின் கணக்கிலிருந்து விடச்சொல்லிக் கேட்கலாம். நல்லதையும் சேர்த்துத்தான் விடுவார்கள், அதை மறக்க வேண்டாம்.

இலங்கைப் பட்டத்தோடு போகிறவர்களுக்கு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியை அமெரிக்க வழிகாட்டி எதிலும் பார்க்க முடியாது.

நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் போட மாட்டார்கள். இது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம், ஆனால் அமெரிக்காவில் அதை வாசிப்பவருக்குத் தெரியாது. அவர் பார்வையில் நீங்கள் இரண்டாவது தடவையும் சி-தான் எடுத்தவர். அதனால் பதிவாளரிடமோ பீடாதிபதியிடமோ அந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள். பல்கலைக்கழகக் கையேட்டில் அந்த விதி அச்சில் இருந்தால் அந்தப் பக்கத்தையும் பிரதி எடுங்கள்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகம் தரும் பாடவாரிப் பெறுபேற்றுப் பட்டியல். வெளிநாட்டுப் பட்டத்தை வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனம் பாடம் பாடமாக மாற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் உங்கள் கையால் போகக்கூடாது, பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் அல்லது இணைய வழியில் நேரடியாக அனுப்ப வேண்டும். ஊழியர் வேலைநிறுத்தம் இல்லாத ஒரு மாதமாகப் பார்த்து இந்த வேலையைத் தொடங்குங்கள், நக்கலாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்ட விவரம், செய்முறை எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்டு வாங்குங்கள், பின்னால் "ஆய்வுகூடம் இருந்ததா?" என்று கட்டாயம் கேட்பார்கள். மூன்று வருட ஜெனரல் டிகிரியை அமெரிக்க நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எல்லோரும் எடுப்பதில்லை, அதையும் மனதில் வையுங்கள்.

மதிப்பீடு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பல பள்ளிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த கிரெடிட் இவ்வளவு இருக்க வேண்டும் என்கின்றன, 90 கிரெடிட் வரை கேட்பவையும் உண்டு. அதாவது முழுக்க இலங்கைப் பட்டத்தோடு நேராக விண்ணப்பிப்பது பெரும்பாலும் நடக்காது. எப்படியும் அங்கே போய்க் கொஞ்சம் படித்தே ஆக வேண்டும். இதை எல்லோரும் கெட்ட செய்தி என்பார்கள். என்னைக் கேட்டால், பட்டத்தில் சறுக்கியவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. அங்கே எடுக்கும் ஒவ்வொரு ஏ-யும் அவர்களுக்குத் தெரிந்த அளவுகோலில் எடுத்த ஏ.

படி 4: திருத்தும் வேலை

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, பட்டத்துக்குப் பிறகு தனித்தனிப் பாடமாக எடுப்பது. பெரும்பாலான பள்ளிகள் கேட்கும் அடிப்படை, உயிரியல் 8 கிரெடிட், பொது இரசாயனவியல் 8, சேதன இரசாயனவியல் 8, பௌதிகவியல் 8, எல்லாம் செய்முறையோடு, அத்துடன் ஆங்கிலம்; இப்போது உயிர்இரசாயனவியலும் பல இடங்களில் கேட்கிறார்கள். சி-க்குக் கீழே எடுத்த அடிப்படைப் பாடத்தை மறுபடி எடுத்தே ஆக வேண்டும். சி எடுத்ததை எல்லாம் மறுபடி எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், அதற்கு மேல்நிலைப் பாடம் ஒன்றை எடுத்து ஏ வாங்குவது நல்லது: உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், உடற்கூற்றியல், உயிர்இரசாயனவியல், கல உயிரியல் என்று பல் வைத்தியப் பள்ளி முதல் வருடத்தில் வரப்போகிற பாடங்களாகவே எடுங்கள். கம்யூனிட்டி கொலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) எடுத்தால் செலவு மிகக் குறைவு, ஆனால் சில பள்ளிகள் அடிப்படைப் பாடங்களை நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில்தான் எடுக்கச் சொல்லும். இரண்டையும் கலந்து செய்யலாம்.

இரண்டாவது, இதையே ஒழுங்காக ஒரு திட்டமாக நடத்தும் போஸ்ட்-பாக் படிப்பு. வழிகாட்டியும் சிபாரிசுக் கடிதமும் கிடைக்கும், காசு கூட.

மூன்றாவது, உயிர்மருத்துவ விஞ்ஞானத்தில் ஒரு வருட அல்லது இரண்டு வருட மாஸ்டர்ஸ். சில இடங்களில் பல் வைத்திய மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து அதே பரீட்சை எழுதலாம். அதில் நல்ல மார்க் வந்தால் "இவரால் எங்கள் பாடத்தைச் சமாளிக்க முடியும்" என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் மாஸ்டர்ஸ் மார்க் பட்ட ஜி.பி.ஏ.-யோடு சேராது, தனியாகத்தான் நிற்கும். 2.5-இல் இருப்பவர் நேராக மாஸ்டர்ஸுக்குத் தாவினால் பட்ட ஜி.பி.ஏ. அப்படியே கிடக்கும், முதல் வடிகட்டலில் நின்றுவிடலாம். 2.9, 3.1 அளவில் இருப்பவருக்கு மாஸ்டர்ஸ் சரி. அதற்குக் கீழே என்றால் முதலில் தனிப்பாடம் எடுத்து மேலே வாருங்கள். மாஸ்டர்ஸில் மறுபடி சறுக்கினால் அதற்கு மேல் விளக்கம் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் பட்டப் படிப்பில் ஏன் சறுக்கியது என்ற காரணம் தீராமல் அங்கே போகாதீர்கள். படிக்கும் முறையா, பகுதிநேர வேலையா, உடம்பா, மனமா, விருப்பமில்லாத பாடமா? இதற்குப் பதில் உங்களுக்கே தெரிய வேண்டும். சேர்ந்த பிறகும் வாரத்துக்குப் பாதி நாள் கடையில் நிற்கப் போகிறீர்கள் என்றால் பாடத்தைக் குறைத்து எடுங்கள், ஆனால் ஒரு செமஸ்டராவது முழுச் சுமையோடு எடுத்துக் காட்டுங்கள். மூன்று மூன்று கிரெடிட்டாக எடுத்து வாங்கும் ஏ-யை அவர்கள் பாதி நம்பிக்கையோடுதான் பார்ப்பார்கள்.

படி 5: டாட் பரீட்சை

டாட் என்பது பல் வைத்தியப் பள்ளிக்கான நுழைவுப் பரீட்சை. அமெரிக்க டாட் பரீட்சை அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள புரொமெட்ரிக் மையங்களில் நடக்கிறது, கொழும்பில் எழுத முடியாது. கனடாவுக்குத் தனியாகக் கனேடிய டாட் இருக்கிறது. அமெரிக்கப் பரீட்சையில் நான்கு பகுதி: விஞ்ஞானத்தில் 100 கேள்வி, 90 நிமிடம், அதில் உயிரியல் 40, பொது இரசாயனவியல் 30, சேதன இரசாயனவியல் 30. பிறகு வடிவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் பகுதி, 90 கேள்வி, 60 நிமிடம். வாசித்து விளங்குதல் 50 கேள்வி, கணிதம் 40 கேள்வி. பௌதிகவியல் கிடையாது. பௌதிகத்தில் அடிவாங்கி உயர்தரம் கெட்டவர்கள் நம்மூரில் நிறையப் பேர், அவர்களுக்கு இது ஆறுதல்.

முன்பு 1 முதல் 30 வரை புள்ளி போடுவார்கள், 2025 மார்ச்சிலிருந்து 200 முதல் 600 வரை என்று மாற்றிவிட்டார்கள். பழைய வீடியோக்களில் "20 எடுத்தால் போதும்" என்று சொல்வதைக் கேட்டுக் குழம்பாதீர்கள்.

ஜி.பி.ஏ. குறைந்தவருக்கு டாட் வெறும் இன்னொரு தகுதி இல்லை. பழைய மார்க் உங்கள் மூளையின் அளவு இல்லை என்று காட்டக்கூடிய ஒரே பொதுப் பரீட்சை அது. அதனால் சராசரி எடுத்தால் போதாது. அப்படிக் காட்ட முடிகிற நிலைக்கு வரும்வரை எழுதாதீர்கள். ஒரு தடவை எழுதி மறுபடி எழுத 60 நாள் காத்திருக்க வேண்டும், முந்தைய தடவை மார்க்கும் பள்ளிகளுக்குத் தெரியும். சேதன இரசாயனவியல் வகுப்பு முடிந்த சூட்டோடு படிப்பதுதான் சுலபம். நம் பிள்ளைகள் தடுமாறுவது விஞ்ஞானத்தில் இல்லை, வாசிப்பில். நீளமான ஆங்கிலக் கட்டுரையை நேரம் வைத்து வாசிக்கும் பழக்கம் ஒரு மாதத்தில் வராது, அதை இன்றைக்கே தொடங்குங்கள், அதற்குத் திருமலையில் இருந்தாலே போதும். வடிவப் பகுதி முழுக்கப் பயிற்சி, தினமும் அரை மணி நேரம் செய்தால் ஏறும்.

படி 6: பல் வைத்தியர் பக்கத்தில் நில்லுங்கள்

பல் வைத்தியர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம் கட்டாயம், பொதுவாக 100 மணி நேரத்தை ஒரு அளவாகச் சொல்வார்கள். இதில் பாதியைத் திருகோணமலையிலேயே தொடங்கலாம். டவுனில் தனியார் பல் கிளினிக் வைத்திருக்கும் டொக்டரிடம் நேரில் போய்க் கேளுங்கள், போனில் கேட்டால் "பார்ப்போம்" என்றுதான் வரும். மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவு என்றால் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதி அனுமதி எடுக்க வேண்டும். ஒரு கொப்பியில் தேதி, நேரம், என்ன சிகிச்சை பார்த்தீர்கள் என்று எழுதி, டொக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். நோயாளியின் பெயர் எழுத வேண்டாம். பிறகு அங்கே போனதும் அமெரிக்க அல்லது கனேடியப் பல் வைத்தியரிடமும் நில்லுங்கள், வெளிநாட்டு மணி நேரத்தை மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது.

ஊரில் பார்த்தது பின்னால் கட்டுரைக்குப் பெரிய பலம். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் முக்கியக் காரணம், பாக்கு மட்டுமே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. கடலுக்குப் போகிறவர் இரவெல்லாம் தூக்கம் வராமல் இருக்க வெற்றிலையை மென்றபடி இருப்பார், வாய் முழுதாகத் திறக்கவில்லை என்று வந்து நிற்பார். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு நடமாடும் கிளினிக்கில் உதவி செய்தால் இதை நீங்களே பார்ப்பீர்கள். நியூ ஜெர்சியில் வளர்ந்த விண்ணப்பதாரி எழுத முடியாத பக்கம் அது. ஆனால் பார்த்திருந்தால்தான் எழுத வேண்டும். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே பொய் தெரிந்துவிடும்.

கைவேலையும் கேட்பார்கள். வீணை, தையல், நகை வேலை, போன் திருத்துவது, மரச்செதுக்கல் எதுவானாலும் எழுதுங்கள், நம்மவர்கள் இதையெல்லாம் படிப்பு இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

படி 7: கடிதமும் கட்டுரையும்

ஆட்சாஸில் நான்கு சிபாரிசுக் கடிதம் வரை போடலாம், வழக்கமாக விஞ்ஞான ஆசிரியர் இருவர், பல் வைத்தியர் ஒருவர். நம்மூர் விரிவுரையாளர் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று தெரியும்: "இவர் ஒழுக்கமானவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், எல்லா நலமும் பெற வாழ்த்துகிறேன்." அது நன்னடத்தைச் சான்றிதழ், சிபாரிசு இல்லை. அவரிடம் நீங்கள் செய்த செயற்திட்டம், மார்க் குறைந்த செமஸ்டர், பிறகு ஏறிய விதம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, "சேர், இதைப் பற்றி நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்" என்று கேளுங்கள். கடிதத்தை அவரே இணையத்தில் ஏற்ற வேண்டும், உங்கள் கையில் தரமுடியாது, அதனால் பல்கலைக்கழக மின்னஞ்சலை அவர் பார்ப்பாரா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

கட்டுரைக்கு இடைவெளி உட்பட 4,500 எழுத்து இடம். மோசமான மார்க்குக்கு அதில் மூன்று நான்கு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். நடந்தது என்ன, எப்போது, பிறகு என்ன மாற்றினேன், பலன் என்ன, அவ்வளவுதான். காரணம் உண்மையாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்: 2022-இல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக நாடு கிடந்தபோது ஒன்லைன் வகுப்பில் இருந்தவர் அதைத் தேதியோடு சொல்லலாம். ஆனால் அது உங்கள் மார்க் விழுந்த செமஸ்டரோடு பொருந்த வேண்டும். 2019-இல் விழுந்த மார்க்குக்கு 2022-ஐக் காரணம் காட்டினால் டிரான்ஸ்கிரிப்ட்டே காட்டிக்கொடுத்துவிடும். விரிவுரையாளர் அநியாயம் செய்தார் என்பது உண்மையாகவே இருந்தாலும் எழுத வேண்டாம். "சின்ன வயசிலிருந்தே பல் டொக்டராக ஆசை" என்று தொடங்கவும் வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், அத்துடன் உங்கள் முதல் விருப்பம் மருத்துவம் என்பது வாசிப்பவருக்கும் தெரியும்.

படி 8: எங்கே, எப்போது

ஆட்சாஸ் மே மாதம் திறக்கும், ஜூன் தொடக்கத்தில் அனுப்பலாம், இடம் தருவது டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து தொடங்கும். பெரும்பாலான பள்ளிகள் வந்த ஒழுங்கில் வாசித்து நேர்காணலுக்குக் கூப்பிடுகின்றன, சரிபார்ப்புக்கே சில வாரம் பிடிக்கும். மார்க் குறைந்தவர் ஒக்டோபரில் அனுப்புவதைவிட அடுத்த ஜூனுக்குப் பொறுத்திருப்பது மேல். டாட் மார்க்கும் கடைசி செமஸ்டர் ஏ-யும் அதற்குள் கைக்கு வந்திருக்க வேண்டும். "அனுப்பிவிட்டுப் படிக்கிறேன்" என்றால், அவர்கள் வாசிக்கும்போது நீங்கள் படிக்கப் போவது எதுவும் தாளில் இருக்காது.

மாநிலப் பள்ளிகள் தங்கள் மாநிலத்தவருக்கே பெரும்பகுதி இடம் கொடுக்கும். சித்தி வீடு எந்த மாநிலம், அங்கே குடியிருப்பு உரிமை வர எவ்வளவு காலம் என்று பார்ப்பது ஜி.பி.ஏ.-யை 0.1 ஏற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும். மற்றப்படி தனியார் பள்ளிகளும் புதிதாகத் தொடங்கியவையும் வெளிமாநிலத்தவரைக் கூடுதலாக எடுக்கும். பெயர் பெற்ற ஓரிரண்டை ஆசைக்குப் போடுங்கள், பட்டியலை அவற்றால் நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நான்கு விஷயம் பாருங்கள்: குறைந்தபட்ச ஜி.பி.ஏ., வெளிநாட்டுக் கிரெடிட்டை ஏற்பார்களா, குடியுரிமை நிபந்தனை, போன வருடம் எடுத்தவர்களின் மார்க் வீச்சு. சராசரியைவிட வீச்சின் கீழ் முனைதான் உங்களுக்குத் தேவையான எண். விளங்கவில்லை என்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள், பதில் போடுவார்கள்.

நேர்காணலில் மார்க்கைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கட்டுரையில் எழுதியதையே, அதே ஒழுங்கில், ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நாம் மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்துவோம், அங்கே அதை வேறு மாதிரி எடுப்பார்கள். வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்துப் பழகுங்கள்.

கிடைக்கவில்லை என்றால்

முதல் வருடம் கிடைக்காமல் போவது இந்த நிலையில் சாதாரணம். நிராகரித்த பள்ளிகளுக்கு வசந்த காலத்தில் எழுதி, எது குறை என்று கேளுங்கள், சிலர் நேரம் ஒதுக்கி விளக்குவார்கள். ஜி.பி.ஏ. என்று சொன்னால் இன்னும் 20, 30 கிரெடிட். டாட் என்றால் மறுபடி டாட். அனுபவம் என்றால் பல் உதவியாளராக வேலை, அதில் சம்பளமும் வரும். ஒன்றும் மாற்றாமல் அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்புவது காசைக் கோணேசர் மலையிலிருந்து கடலில் போடுவது மாதிரி. இரண்டாவது தடவை விண்ணப்பிப்பவரிடம் "போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று பள்ளிகள் கேட்கும். அதற்கான பதிலை முதல் நிராகரிப்பு வந்த வாரமே எழுதத் தொடங்குங்கள், ஜூனுக்கு அதிக காலம் இல்லை.